சாம்பாவின் வெள்ளோட்டம்

புதிதாகச் செய்த தேரில் தெய்வத் திருமேனியை எழுந்தருளச் செய்யுமுன், அதனை வெறுந்தேராகவே வீதிவழி இழுத்துப் பார்ப்பது நம் நாட்டு வழக்கம். இதனை வெள்ளோட்டம் என்பர். சக்கரம் எங்கே முனகுகின்றது, அச்சு எப்பக்கம் சாய்கின்றது, வடம் எவ்வளவு இழுப்பைத் தாங்கும், வீதித் திருப்பத்தில் முட்டுக்கட்டை இடுவோர் எத்துணைப்பேர் வேண்டும் என்பன தச்சுப்பட்டறையில் தெரியா, தெருவிலேதான் தெரியும். இவ்வழக்கில் நோக்கத்தக்க செய்திகள் இரண்டுள. தேரின்மேல் தெய்வம் இல்லை; ஆதலின் தேர் சற்றே சாய்ந்தாலும் பெருங்கேடு நேராது. ஊரார் வந்து வடம் பிடிக்கின்றனர்; ஆதலின் குறையைத் தச்சர் மட்டுமன்றி யாவரும் காண்கின்றனர்.

கணிப்பொறிக்குரிய மென்பொருளுக்கும் இத்தகைய வெள்ளோட்டம் உண்டு. அதிலும், மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்துவைக்கும் கட்டற்ற மென்பொருளுக்கு அது பெருவீதியிலேயே நடைபெறுகின்றது. முற்றுப்பெறாத பதிப்பை வெளியிட்டு, 'எடுத்து ஓட்டிப் பாருங்கள், குறை கண்டால் எழுதுங்கள்' என்று ஆக்கியோர் உலகத்தாரை வேண்டிக்கொள்கின்றனர். இவ்வகைப் பதிப்புகளைப்பற்றி நம்மவரிடையே இருவேறு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. விலையில்லாமற் கிடைப்பது அரைவேக்காடாய்த்தான் இருக்கும் என்பது ஒன்று. புதிதாக வந்தது பழையதினும் சிறந்ததே, ஆதலின் உடனே ஏற்றிவிடலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தாமையை, சாம்பா என்னும் மென்பொருளின் வரலாற்றைக்கொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சாம்பா செய்யும் பணி இன்னதென்று அறிதல்வேண்டும். இராசிபுரத்தை அடுத்து மலையடிவாரத்துச் சமவெளியில் அமைந்த நாமகிரிப்பேட்டை, நாதசுரத்துக்கும் மஞ்சளுக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே ஒரு மஞ்சள் மண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். சுற்றுப்புறத்து உழவர் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்குகின்றனர். விரலி, உருண்டை, பனங்காளி என்று வகைபிரித்து எண்ணிட்டு அடுக்குகின்றனர். ஒருவர் எடை குறிக்கின்றார். ஒருவர் ஏலத்தில் படிந்த விலையை எழுதுகின்றார். ஒருவர் தரகும் கூலியும் கழித்துப் பட்டியல் போடுகின்றார். ஒருவர் பணம் எண்ணிக் கொடுக்கின்றார். இந்நால்வர் முன்னும் நான்கு கணிப்பொறிகள் உள்ளன. எடைக்காரர் தம் பொறியில் எழுதியதைப் பட்டியற்காரர் காண வேண்டுமாயின் என் செய்வது? துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பலாம். பென்டிரைவில் ஏற்றிக் கையோடு கொண்டு ஓடலாம். ஏலம் மும்முரமாய் நடக்கும்பொழுது இவ்விரண்டும் குழப்பத்துக்கே வழியாகும்.

இதற்காகப் பின்னறையில் ஐந்தாவதாக ஒரு பொறியை வைக்கின்றனர். கணக்கேடுகள் எல்லாம் அதனிடத்தே இருக்கும். நால்வரும் தத்தம் இருக்கையிலிருந்தே அவ்வேடுகளைத் திறந்து எழுதலாம். ஒருவர் ஓர் ஏட்டில் எழுதிக்கொண்டிருக்கையில் மற்றொருவர் அதன்மேல் எழுதி அழித்துவிடாதபடி காக்கும் பொறுப்பும் அதனுடையதே. இதுவே கோப்புச் சர்வர் ஆகும்.

அடுத்து எழுவது உரிமை பற்றிய வினா. எடை குறிப்பவர் பணப்பேரேட்டைத் திருத்துதல் தகாது. ஆதலின், யார் எவ்வேட்டைப் படிக்கலாம், எவ்வேட்டில் எழுதலாம் என்று வரையறுக்க வேண்டும். ஒவ்வொருவர்க்கும் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். இப்பெயர்ப்பட்டியலை ஐந்து பொறிகளிலும் தனித்தனியே வைத்தால், ஒருவர் வேலையைவிட்டு நீங்கும்பொழுது ஐந்திடத்திலும் அவர் பெயரை அடிக்கவேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் அவ்வழி திறந்தே கிடக்கும். பட்டியலை ஓரிடத்தில் மட்டும் வைத்து, ஏனைப் பொறிகள் எல்லாம் 'இன்னார் இன்னாரே தாமா?' என்று அங்கே கேட்டுத் தெளியும்படி அமைத்தால் இத்தொல்லை இல்லை. அங்ஙனம் ஒரே பட்டியலின் ஆட்சிக்குட்பட்ட பொறிகளின் தொகுதியை டொமைன் என்றும், பட்டியலைக் காக்கும் பொறியை டொமைன் கன்ட்ரோலர் என்றும் அத்துறையார் வழங்குவர். முன்னதைக் கணக்கறை என்றும், பின்னதை அவ்வறையின் சாவிக்கொத்தை வைத்திருக்கும் கணக்கப்பிள்ளை என்றும் எண்ணிக்கொண்டால் பெரிதும் பிழையாகாது.

மண்டியின் நான்கு பொறிகளும் விண்டோஸில் ஓடுவன. பின்னறைப் பொறியையும் விண்டோஸ் சர்வராகவே வாங்கினால் அதற்கு ஒரு விலையும், அதனை அணுகுவோர் தலைக்கு ஒரு விலையும் கொடுக்க நேரும். லினக்ஸோ விலையின்றிக் கிடைப்பது. ஆனால் லினக்ஸ் தானாக விண்டோஸின் பேச்சை அறியாது. விண்டோஸ் பொறிகள் கோப்பைக் கேட்பதும் கொடுப்பதும் எஸ்.எம்.பி. என்னும் பரிமாற்ற முறையால். இஃது 1980-களில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பிறந்து, மைக்ரோசாஃப்ட் கையில் வளர்ந்தது. இப்பேச்சை லினக்ஸுக்கும் யூனிக்ஸுக்கும் கற்றுக்கொடுத்து இடைநிற்கும் துபாஷியே சாம்பா.

இதனைத் தொடங்கியவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். 1991-ஆம் ஆண்டின் முடிவில் அவர் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். டிஜிட்டல் நிறுவனத்தார் விற்ற 'பாத்வொர்க்ஸ்' என்னும் மென்பொருள், பொறிக்கும் பொறிக்கும் இடையே என்ன பேசுகின்றது என்பதைக் கம்பியின்மேற் செல்லும் செய்திகளைப் பிடித்துப் பார்த்தே அறிந்து, அவ்வாறே பேசும் சிறு நிரலொன்றை எழுதி 1992-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்டார். பிரெஞ்சு அறியாத ஒருவன் பிரெஞ்சு உணவு விடுதியொன்றில் அமர்ந்து, எச்சொல்லைச் சொன்னால் எவ்வுணவு வருகின்றது என்று நாடோறும் கவனித்து மொழியைக் கற்றுக்கொள்வதை இம்முறைக்கு உவமையாகப் பிற்காலத்தில் அவர் கூறினார். நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் தரகர் துண்டுக்குள் விரல்பிடித்து விலைபேசுவதை அயலான் ஒருவன் பலநாள் நின்று பார்த்து, இறுதியிற் கைமாறும் பணத்தைக்கொண்டு விரற்குறிப்பை ஊகிப்பதோடும் இதனை ஒப்பிடலாம். களவு இதில் இல்லை. பிறர் எழுதிய நிரலில் ஓர் எழுத்தையும் அவர் பார்த்திலர். பேச்சைக் கேட்டார், அவ்வளவே.

பெயர் வந்த வரலாறும் சுவையானது. முதலில் எஸ்.எம்.பி. சர்வர் என்றே அதனை வழங்கினர். அப்பெயரை வணிகக் குறியாக முன்னரே பதிந்துகொண்ட நிறுவனமொன்று மறுப்புத் தெரிவித்தது. ட்ரிட்ஜெல், எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்தும் அவ்வரிசையிலேயே வரும் சொற்களை எடுத்துத் தருமாறு தம் கணிப்பொறியிலிருந்த சொற்பட்டியலை வினவினார். கிடைத்தவற்றுள் ஒன்று பிரேசில் நாட்டுக் கூத்தின் பெயராகிய சாம்பா. நம் வயல்களில் விளையும் சம்பாவுக்கும் இதற்கும் யாதோர் உறவும் இல்லை என்பதை, இப்பெயரைக் கேட்டவுடன் நெல்லை நினைக்கும் நம் ஊர் அன்பர்க்காக இங்கே சொல்லிவைக்கின்றேன்.

கோப்பைப் பகிரும் தொழில் ஒருவாறு கைவந்தபின் டொமைன் தொழிலும் கைவந்தது. 2001-இல் வெளிவந்த 2.2-ஆம் பதிப்பு விண்டோஸ் என்.டி. காலத்து டொமைனின் தலைமைப் பொறியாக நிற்க வல்லதாயிற்று. ஆயின் அதற்கு முன்பே, 2000-ஆம் ஆண்டில், மைக்ரோசாஃப்ட் தன் டொமைன் முறையை அடியோடு மாற்றிவிட்டது. ஆக்டிவ் டைரக்டரி எனப்பெற்ற புது ஏற்பாட்டில் மூன்று தொழில்கள் ஒன்றாய்ப் பிணைந்திருந்தன: பெயர்ப்பட்டியலைக் காக்கும் எல்டாப் ஏடு, ஆளை அடையாளங்கண்டு சீட்டு வழங்கும் கெர்பரோஸ், எப்பொறி எங்கே உள்ளது என்று சொல்லும் டி.என்.எஸ். இம்மூன்றும் உலகறிந்த பொதுமுறைகளே எனினும், கெர்பரோஸ் சீட்டுக்குள் அச்சீட்டையுடையார் எவ்வெக் குழுவினர் என்னும் விவரத்தை மைக்ரோசாஃப்ட் தனக்கேயுரிய வகையிற் செருகியிருந்தது. அவ்விவரத்தைச் சரிவர எழுதாத சீட்டை விண்டோஸ் பொறிகள் ஏற்கா. 2003-ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த சாம்பா 3.0 இத்தகைய டொமைனில் ஓர் உறுப்பாகச் சேரும், தலைமை தாங்காது. கணக்கப்பிள்ளையின் கீழ் எழுத்தராக அமரும், கணக்கப்பிள்ளையாக அமராது.

தலைமை தாங்கவேண்டுமாயின் பழைய வீட்டுக்குச் சார்ப்பு இறக்குவதால் ஆகாது, அடித்தளத்திலிருந்தே புதுவீடு எழுப்பவேண்டும் என்று ட்ரிட்ஜெலும் அவர் தோழரும் கருதினர். ஏறக்குறைய 2003-இல் தொடங்கிய அப்புதுவேலையே சாம்பா 4. ஆண்ட்ரூ பார்ட்லெட், ஸ்டெஃபான் மெட்ஸ்மாக்கர் முதலியோர் இதில் உழைத்தனர். ஜெரமி அல்லிசன் முதலிய வேறு சிலர் 3-ஆம் வரிசைப் பதிப்புகளைத் தொடர்ந்து வளர்த்துவந்தனர். இவ்வாறு ஒரு குடும்பத்தில் இரண்டு அடுப்புகள் எரிந்தன.

புதுவீட்டின் முதல் வெள்ளோட்டம் 2006-ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்தது. அப்பதிப்புக்குத் தொழில்நுட்ப முன்னோட்டம் என்று பெயரிட்டனர். ஆல்ஃபா என்னும் நிலைக்குக்கூட அஃது இன்னும் வரவில்லை என்பதை வெளிப்படையாகவே சொன்னார்கள். அதனோடு வந்த குறிப்பில் ஓர் எச்சரிக்கை இருந்தது: இஃது உங்கள் வீட்டுப் பூனையைத் தின்றாலும் தின்னும், ஆனால் கடவுச்சொற் பட்டியலை மென்றுவிடுவதே இதனினும் நடக்கக்கூடியது என்பது அதன் கருத்து. நகைச்சுவையாக எழுதியதுபோல் தோன்றினும் அவ்வெச்சரிக்கை மிகத் துல்லியமானது. கோப்புகள் அழியும் என்று அவர்கள் அஞ்சவில்லை. கடவுச்சொற் பட்டியல் அழியும் என்றே அஞ்சினர். நாம் கற்பனை செய்த மண்டியில் பட்டியல் ஏலநாளன்று அழிந்தால் என்னாகும்? எடைக்கணக்கு ஒரு வரியும் குறையாமல் உள்ளே இருக்கும். ஆனால் அதனைத் திறக்க எவராலும் ஆகாது. உழவர் மூட்டைமேல் அமர்ந்து பணத்துக்குக் காத்திருப்பர். கோப்புச் சர்வர் கெட்டால் ஓர் ஏடு கெடும். டொமைன் கன்ட்ரோலர் கெட்டால் வேலையே நின்றுவிடும். ஆதலின் இவ்வகை மென்பொருளின் சோதனைப் பதிப்பை உண்மைத் தொழில் நடக்கும் பொறியில் ஏற்றுதல், தெய்வத்தை எழுந்தருளச் செய்துவிட்டு வெள்ளோட்டம் விடுதலை ஒக்கும்.

சோதனைப் பதிப்புகளின் பெயர்களையும் ஈண்டுக் குறிப்பிடவேண்டும். ஆல்ஃபா, பீட்டா என்பன கிரேக்க நெடுங்கணக்கின் முதலிரண்டு எழுத்துகள். நாம் அகரம், ஆகாரம் என்பதுபோல. ஆல்ஃபா நிலையில் மென்பொருளின் உறுப்புகளே முழுமையாக அமைந்திரா. இன்றிருக்கும் உறுப்பு நாளை வேறு வடிவு கொள்ளலாம். பீட்டா நிலையில் உறுப்புகள் பெரும்பாலும் அமைந்துவிடும். பிழைகள் பல இருக்கும். இறுதியில் வருவது வெளியீட்டுக்குரிய வேட்பாளர். பெரும்பிழை எதுவும் வெளிப்படாவிடின் இதுவே முடிந்த பதிப்பாகும் என்று சொல்லி நிறுத்தும் பதிப்பு அது. சாம்பா 4-இன் முதல் ஆல்ஃபா 2007 செப்டம்பரில் வந்தது. அதன்பின் ஐந்தாண்டுக் காலத்தில் ஏறக்குறைய இருபது ஆல்ஃபாக்கள் வந்தன. பீட்டாக்கள் 2012-ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கின. அவ்வாண்டு செப்டம்பரில் முதல் வேட்பாளர் வந்தது. முடிந்த பதிப்பாகிய 4.0.0 வெளிவந்த நாள் 2012 டிசம்பர் 11. முன்னோட்டத்துக்கும் முடிவுக்கும் இடையே கிட்டத்தட்ட ஏழாண்டு.

ஏழாண்டு வெள்ளோட்டம் மிகையன்றோ என்று கேட்பவர் உளர். அவ்வேழாண்டில் நேர்ந்தவற்றை நோக்கின் அங்ஙனம் சொல்லத் தோன்றாது. முதலாவது, விரற்குறிப்பைப் பார்த்து ஊகிக்கும் நிலை மாறிற்று. மைக்ரோசாஃப்ட் தன் பரிமாற்ற முறைகளை மறைத்து வைத்துப் போட்டியைக் கெடுக்கின்றது என்று ஐரோப்பிய ஆணையம் 2004-இல் தீர்ப்பளித்திருந்தது. 2007 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், இடைநின்ற அமைப்பொன்றின் வாயிலாக 10,000 யூரோ கட்டணம் செலுத்தி, சாம்பா குழுவினர் அம்முறைகளின் விளக்க ஏடுகளைப் பெற்றனர். அதன்பின் தாம் எழுதியது சரியா என்பதை ஏட்டோடு ஒப்பிட்டே பார்க்கலாயிற்று. மைக்ரோசாஃப்ட் பொறியாளருடன் அமர்ந்து இருதிறப் பொறிகளையும் பிணைத்துச் சோதித்த நிகழ்ச்சிகளும் பிற்பாடு நடந்தன. வழக்கில் எதிர்நின்றவர் சோதனையில் உடனிருந்தனர் என்பது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

இரண்டாவது செய்தி இதனினும் பெரிது. சாம்பா 4-க்கென்று புதிதாக எழுதிய கோப்புச் சர்வரே பழையதன் இடத்தைக் கொள்ளும் என்பது தொடக்கத்து எண்ணம். சோதனைப் பதிப்புகள் ஓட ஓட, புதுவேலையின் டொமைன் பகுதி வலுப்பெற்றதும், கோப்புப் பகுதியிலோ பழைய 3-ஆம் வரிசையே பல்லாண்டுப் பயிற்சியால் உரமேறி நிற்பதும் தெளிவாயின. இறுதியில் டொமைனுக்குப் புதியதையும் கோப்புக்குப் பழையதையும் கொண்டு இரண்டையும் ஒன்றாக்கியே 4.0-ஐ வெளியிட்டனர். இரண்டு அடுப்பும் ஓரடுப்பாயின. தாம் வரைந்த திட்டத்தில் பாதியைத் தாமே கைவிடுதல் எளிதான செயலன்று. மூடிய அறைக்குள் இவ்வேலை நடந்திருந்தால், புதியதையே முழுமையாக வெளியிட்டுப் பயன்படுத்துவோர் தலையில் சுமத்தியிருத்தல் கூடும். வெள்ளோட்டம் தேரை மட்டும் சோதிப்பதில்லை. தச்சரின் திட்டத்தையும் சோதிக்கின்றது.

எச்சரிக்கையைப் பொருட்படுத்தாது ஆல்ஃபாவையே தொழிலுக்கு எடுத்துக்கொண்டவரும் இருந்தனர். ஜெர்மனியில் யூனிவென்ஷன் என்னும் நிறுவனத்தார் 2011-ஆம் ஆண்டு முடிவில் வெளியிட்ட தம் சர்வர் தொகுப்பிலேயே சாம்பா 4-இன் ஆல்ஃபாவைச் சேர்த்திருந்தனர். அவர்கள் நிரலைப் படிக்கவும் திருத்தவும் வல்ல பொறியாளரை உடன் வைத்திருந்தவர். அத்தகையோர் செய்வதை நாலு பொறி வைத்திருக்கும் மண்டிக்காரர் செய்தல் கூடாது.

நெடிய சோதனை எல்லாப் பிழையையும் பிடித்துவிடும் என்று நினைப்பதும் தவறு. 2010-இல் வெளிவந்த 3.5-ஆம் பதிப்பில் நுழைந்த ஒரு பாதுகாப்புக் குறை 2017 மே மாதத்தில்தான் வெளிப்பட்டது. எழுதும் உரிமையுள்ள ஒருவர் தீய நிரலைப் பகிர்வுக்கோப்புறையில் இட்டு, அதனைச் சர்வரே ஓட்டும்படி செய்ய அக்குறை இடந்தந்தது. எத்தனையோ வேட்பாளர் பதிப்புகள் இடையில் வந்தும் அதனை எவரும் கண்டிலர். பலர் பார்த்தால் பிழை மறையாது என்பர். பலர் பார்க்கக்கூடியதாக இருத்தலும் பலர் உண்மையிற் பார்த்தலும் வேறு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் மேலாண்மை இயக்குநராய் இருந்தபொழுது, 2006, 2007-ஆம் ஆண்டுகளில் தன் அலுவலகக் கணிப்பொறிகளை விண்டோஸினின்று சூசே லினக்ஸுக்கு மாற்றியது. 2007 ஜனவரியில் சென்னை சி-டாக் நிறுவனத்தார், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இந்திய லினக்ஸ் தொகுப்பை வெளியிட்டனர். 2011 முதல் மாணவர்க்கு அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இடம்பெற்றதுண்டு. இருவகைப் பொறியும் ஒரே கூரையின்கீழ் நிற்கும் இடமெல்லாம் துபாஷி வேண்டப்படும். ஆதலின் சாம்பாவின் குணமும் குற்றமும் நம்மையும் சார்ந்தன. டெபியன் களஞ்சியத்தில் சாம்பா என்றும் உளது.

தமிழ் பயில்வோராகிய நாம் இதில் தலையிடுவதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. அது கோப்பின் பெயர். சாம்பாவின் 2-ஆம் வரிசைப் பதிப்புகளில் கோப்புப் பெயர்கள் கோட் பேஜ் எனப்படும் எழுத்துப் பட்டியல்களைக் கொண்டே கம்பிவழிச் சென்றன. ஜப்பானியர்க்கும் உருசியர்க்கும் அத்தகைய பட்டியல் இருந்தது. தமிழுக்கு விண்டோஸில் அது வகுக்கப்படவே இல்லை. தமிழுக்கு அங்கே யூனிகோடு ஒன்றே வழி. 2003-இன் 3.0 பதிப்பு யூனிகோடை ஏற்றபின்னரே தமிழில் பெயரிட்ட கோப்பு விண்டோஸிலிருந்து சாம்பாவுக்குப் போய் உருமாறாமல் மீளலாயிற்று. (நம்மவரிற் பலர் அப்பொழுது தனியார் எழுத்துருக்களில் தட்டச்சு செய்து, பெயரைத் திறந்துபார்த்தால் ஆங்கில எழுத்துகளின் சிதறலாகக் கண்டுகொண்டிருந்தோம், அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல்தான்.)

யூனிகோடு வந்தபின்னும் தொல்லை முற்றும் தீர்ந்ததில்லை. நம் இலக்கணத்தில் மெய் முதற்பொருள். அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆகும். யூனிகோட்டிலோ அகரமேறிய ககரம் ஒரு குறி. அதன்மேல் புள்ளியை மற்றொரு குறியாக இட்டாற்றான் மெய்யாகும். தொல்காப்பியர் கண்டால் தலைகீழ் என்பார். இதன் விளைவாக 'நாமகிரிப்பேட்டை' நமக்கு 8 எழுத்து. பொறிக்கு 15 குறி. லினக்ஸில் வழங்கும் யு.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும்; ஆகவே ஊர்ப்பெயர் ஒன்றுக்கே 45 பைட்டு. லினக்ஸின் பெருவழக்கான கோப்பு முறைகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேற்படல் ஆகாது. விண்டோஸோ பைட்டை எண்ணாது குறியை எண்ணி 255 வரை இடந்தருகின்றது. ஊர்ப்பெயரை விண்டோஸ் கோப்பொன்றின் பெயராக இடைவெளியின்றி 17 முறை அடுக்கி எழுதலாம். லினக்ஸ் சர்வரில் 5 முறைக்குமேல் இடமில்லை. அவ்வாறு யாரும் எழுதார் என்பது உண்மையே. ஆனால் ஓர் அலுவலகக் கடிதத்தின் பொருளை முழுமையாகக் கோப்பின் பெயராக வைப்பது நம்மவர் வழக்கம். அத்தகைய நெடும்பெயர் ஒரு பொறியில் இருந்து மற்றொன்றுக்குப் போகையில் இடறும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்க்கு ஓரெழுத்து ஒரு பைட்டே. இவ்விடறல் அவர் கண்ணிற் படுவதற்கு வழியே இல்லை.

மற்றொன்று 'கொல்லிமலை' போன்ற பெயர்களில் உள்ளது. ஒகரமேறிய ககரத்தை, ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு ஒரு குறி, கால் ஒரு குறி என்று இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோட்டின் விதி. திரையிலும் அவை ஒன்றாகவே தோன்றும். ஆனால் விண்டோஸின் கோப்பு முறையும் லினக்ஸின் பெருவழக்கான கோப்பு முறைகளும் அவற்றை இரண்டு பெயராகவே கொள்கின்றன. சாம்பாவும் தானாக அவற்றை இணைப்பதில்லை. ஒரே கோப்புறையில் 'கொல்லிமலைக் கணக்கு' என்று பார்வைக்கு ஒன்றுபோன்ற இரண்டு ஏடுகள் இருக்கக்கூடும். ஒருவர் ஒன்றில் வரவெழுத, மற்றவர் ஒன்றிற் செலவெழுதினால் கணக்கு எங்ஙனம் ஒத்துவரும்? இதனைக் குறை என்பதா, இயல்பு என்பதா என்று பொறியாளர் வாதிடலாம். கணக்கு எழுதுபவர்க்கு அது குறையே. அதனை எடுத்துச் சொல்லும் பொறுப்பு தமிழில் எழுதுவோரைத் தவிர வேறு யாருக்கு உண்டு?

சோதிக்கும் முறை கடினமன்று. இன்று சாம்பா ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொருமுறை, பெரும்பாலும் மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப்பதிப்பாக வருகின்றது. ஒவ்வொன்றுக்கும் சில வாரம் முன்பே வேட்பாளர் பதிப்புகள் வெளியாகின்றன. இவை தொழிலுக்கன்று, சோதனைக்கே என்று ஒவ்வொரு முறையும் முகப்பில் எழுதியிருக்கின்றனர். கணிப்பொறிக்குள்ளேயே வேறொரு கணிப்பொறியைப் போலியாக எழுப்பும் வர்ச்சுவல் பொறியில் லினக்ஸை நிறுவி, அதனுள் வேட்பாளரை ஏற்றிப் பார்க்கலாம். கெட்டால் அப்போலிப் பொறியை அழித்து மீண்டும் எழுப்பிக்கொள்ளலாம். அதனுள் வைக்கும் கோப்புகள் பொய்க் கோப்புகளாகவே இருத்தல்வேண்டும். உண்மைக் கணக்கின் படி ஒன்றையும் வைத்தல் ஆகாது, ஏனெனில் படி என்று எண்ணியதையே மறுநாள் மூலமாகக் கருதித் திருத்திவிடும் இயல்பு மனிதர்க்கு உண்டு.

குறை கண்டால் எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. 'வேலை செய்யவில்லை' என்னும் ஒரு வரி ஆக்கியோர்க்கு உதவாது. எப்பதிப்பு, எவ்வியங்குதளம், என்ன செய்தோம், என்ன நிகழுமென்று எதிர்பார்த்தோம், என்ன நிகழ்ந்தது, சர்வர் தன் பதிவேட்டில் அப்பொழுது எழுதிய வரிகள் எவை என்னும் ஆறும் வேண்டும். பெயர் தமிழில் இருப்பின் அப்பெயரைப் படமாக மட்டும் அனுப்பாமல், அதன் குறிகளை எண்ணால் எழுதியும் அனுப்பவேண்டும். படத்தில் இருவகைக் 'கொ'வும் ஒன்றாகவே தெரியும் அன்றோ? இவ்வாறு எழுதும் முறிகள் சாம்பா குழுவினரின் பொதுப் பிழையேட்டில் எண்ணிட்டு ஏறும். யார் என்ன சொன்னார், யார் திருத்தினார், எப்பதிப்பில் தீர்ந்தது என்பனவெல்லாம் எக்காலத்தும் எவரும் படிக்க அங்கே இருக்கும்.

நம் முன்னோர்க்கு இம்முறை புதிதன்று. நூலை எழுதியவர் அவையோர்முன் படித்து, தடைவிடைகளுக்கு ஈடுகொடுத்து, அவர் ஒப்பியபின்னரே உலகுக்கு அளித்ததை அரங்கேற்றம் என்றனர். அச்சு வந்தபின் இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று யாழ்ப்பாணத்தில் நடந்தது. பெர்சிவல் ஐயர், ஆறுமுக நாவலரின் துணைகொண்டு செய்த விவிலிய மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தபொழுது அது தற்காலிகச் சோதனைப் பதிப்பு என்னும் பெயராலேயே வழங்கிற்று. படித்தவர் பலவாறு குறை கூறினர், அது நிலைபெறவில்லை. 1871-இல் பவர் ஐயரும் அவர் குழுவினரும் முடித்த திருப்புதலே பொதுவாக ஏற்கப்பட்டது. முற்பதிப்பு வீணாயிற்று என்று இன்று எவரும் சொல்வதில்லை. அதன் தமிழ்நடையை ஆராய்வோர் இன்றும் உளர்.

அரங்கேற்றத்துக்கும் சாம்பாவின் வேட்பாளருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அவையத்தார் புலவராக இருத்தல்வேண்டும். இங்கே 'கொல்லிமலைக் கணக்கு' என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டு, அது திறக்கின்றதா என்று பார்க்கத் தெரிந்தாற் போதும். நம் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தில் பழுதென்று ஒதுக்கிய பொறிகள் இரண்டு மூன்று சுவரோரம் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றேனும் லினக்ஸைத் தாங்கும். அடுத்த வேட்பாளர் பதிப்பு வரும்பொழுது அதன்மேல் ஏற்றிப் பார்க்கலாம்.